கேனான் பி-க்கு ஒரு பழைய ஐம்பது: ரங்கூன் ஈரத்தில் எந்த லென்ஸ் நிற்கும்?

போன தை மாதம் அக்கா மகன் பாங்காக்கிலிருந்து திரும்பும்போது ஒரு கேனான் பி (Canon P, பழைய ஃபிலிம் கேமரா) கொண்டுவந்தான். உடம்பு மட்டும்தான். லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி. “மாமா, கையில இருந்த காசுக்கு இவ்வளவுதான் வந்துச்சு. லென்ஸ் எது வாங்கலாம்னு நீங்க சொல்லுங்க” என்று மேசைமேல் வைத்தான்.

எடுத்துப் பார்த்தேன். ஷட்டர் திரையில் சுருக்கம். இந்த மாடலுக்கு மெல்லிய உலோகத் திரை. யாரோ எப்போதோ விரலை வைத்து அழுத்தியிருப்பார்கள். சுருக்கமில்லாத பி கிடைப்பதுதான் அரிது, சுருக்கத்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. வ்யூஃபைண்டர் பளிச்சென்று இருந்தது. இந்தக் கேமராவின் அழகே அதுதான்: உள்ளே தெரிவது வெளியே தெரிகிற அதே அளவு, இரண்டு கண்ணையும் திறந்துவைத்தபடி படம் எடுக்கலாம். 35, 50, 100 மில்லிமீட்டர் லென்ஸ் மூன்றுக்கும், படம் எதுவரை விழும் என்று காட்டும் கோடுகள் எப்போதும் உள்ளே நிற்கும். அவனும் என்னைப் போலக் கண்ணாடி போட்டவன், 35-இன் கோடு அவனுக்கு விளிம்பில் ஒளிந்துகொள்கிறது. 50 நன்றாகத் தெரிகிறது. ஆக, முதல் லென்ஸ் 50 என்பதில் பேச்சே இல்லை.

எந்த 50 என்பதில்தான் மாதக்கணக்கில் போனது.

முதலில் ஒரு கதவை அடைத்துவிடலாம். கேனான் பி-க்குத் திருகு மவுண்ட் (மவுண்ட் என்பது லென்ஸ் மாட்டும் வாய்), அதாவது பழைய லைக்காவின் 39 மில்லிமீட்டர் மரை. பிந்திய லைக்காக்களின் எம் மவுண்ட் லென்ஸ் எதுவும் இதில் ஏறாது. மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை திருகு கேமராவில் 28.8 மில்லிமீட்டர், எம் கேமராவில் 27.8. அந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில்தான் அடாப்டர் வளையம் உட்காருகிறது. அதனால் திருகு லென்ஸை எம் கேமராவில் போடலாம், எம் லென்ஸைத் திருகுக் கேமராவில் போட முடியாது. இது பாதகம் போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்று வாங்கும் திருகு லென்ஸ் நாளைக்கு அவன் எம் லைக்கா வாங்கினாலும் கூடவே போகும்.

அடுத்தது, எதை எடுக்கப் போகிறான் என்பது. கேட்டேன். காளியம்மன் கோயில் மாலைப் பூசை, சுற்று ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள், விடியற்காலை டீக்கடை. மூன்றும் வெளிச்சம் குறைந்த இடங்கள். ஐஎஸ்ஓ 400 ஃபிலிமில், அம்மன் சன்னிதிக்கு வெளியே மாலை விளக்கு வெளிச்சத்தில், எஃப் 2 (அபெர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் குறைந்தால் துவாரம் பெரிது, வெளிச்சம் அதிகம்) வைத்தால் எனக்கு ஷட்டர் வேகம் 1/30 விநாடி வரும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மூன்றாவது விஷயம் ஜப்பானிலோ ஜெர்மனியிலோ இருந்து எழுதுகிறவர்களுக்குத் தேவைப்படாது. ரங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் வைகாசியிலிருந்து ஐப்பசிக்குள். அந்த மாதங்களில் அலமாரியில் வைத்த செருப்பே பச்சை பூக்கிறது, லென்ஸ் எம்மாத்திரம்? காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். நூல் நூலாகப் படர்ந்து, அது விடும் அமிலம் முதலில் கண்ணாடிமேல் பூசிய கோட்டிங்கையும் பிறகு கண்ணாடியையும் அரிக்கும். பூஞ்சையைத் துடைத்து எடுக்கலாம், அரித்த தடம் போகாது.

அதனால் நான் லென்ஸை ஒப்பிடும்போது ஒரு கணக்குப் போடுவேன். உள்ளே எத்தனை கண்ணாடிப் பரப்புகள் காற்றைத் தொடுகின்றன? இரண்டு கண்ணாடிகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் (அது ஒரு ‘குழு’) அந்த ஒட்டுக்குள் காற்று போகாது. காற்றைத் தொடும் பரப்பில்தான் பூஞ்சையும் படரும், கிரீஸ் ஆவியும் படியும். பரப்பு குறைந்தால் கெட்டுப்போக இடமும் குறைவு, பிரித்துத் துடைக்கும் வேலையும் குறைவு. ரூபமும் கூர்மையும் பேசும் பெரியவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அவர்கள் ஆவணி மாதத்தில் இங்கே வந்து ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும்.

சரி, லென்ஸ்களுக்கு வருவோம்.

முதலில் எல்மார், 5 சென்டிமீட்டர், எஃப் 3.5. என்னிடமே ஒன்று இருக்கிறது. பிரேசர் தெருப் பக்கம் (அனோரத்தா தெரு என்று பலகையில் இருந்தாலும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது பிரேசர் தெருதான்) ஒரு ஸ்டுடியோவை மூடியபோது அலமாரியோடு வந்த சாமான்களில் ஒன்று. லைக்காவைச் செய்த லைட்ஸ் கம்பெனிக்காக மாக்ஸ் பெரெக் வடிவமைத்தது. 1920-களின் நடுவில் லைக்கா பெயர் வாங்கியதே இதை வைத்துத்தான். நான்கு கண்ணாடி, மூன்று குழு, காற்றைத் தொடும் பரப்பு ஆறு. இழுத்துத் திருகினால் வெளியே வரும், தள்ளினால் கேமராவுக்குள் மடங்கிவிடும். லுங்கி மடிப்பில்கூடச் செருகிக்கொள்ளலாம் என்று சொல்ல ஆசைதான், கேமராவும் கூடவே வருகிறதே!

என் எல்மார் போருக்கு முந்தியது, கோட்டிங் இல்லாதது. கோட்டிங் இல்லாத ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நான்கு பங்கு வெளிச்சமாவது திரும்பிப் போகும். ஆறு பரப்புக்கு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு நஷ்டம். போவது போனால் பரவாயில்லை, அதில் கொஞ்சம் உள்ளேயே முட்டிமோதித் திரிந்து படத்தின் கறுப்பை வெளுத்துவிடும். ஆனால் எங்கள் உச்சிவெயிலில் இதுவே உதவியாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். சூலே பகோடா ஓரத்தில் பன்னிரண்டு மணிக்குக் குடை பிடித்து நிற்கும் பெண்ணின் முகம் புதிய லென்ஸில் கரியாகிவிடும். எல்மாரில் நிழலுக்குள் கண் தெரியும். போருக்குப் பிந்திய எல்மார்களுக்குக் கோட்டிங் உண்டு. வாங்குவதானால் அதையே வாங்கலாம்.

குறைகள்? அபெர்ச்சரை மாற்ற முன்முகத்தில் நகம் அளவுக்கு ஒரு சின்ன நாக்கு. எதிரே நிற்கிறவர் நாம் லென்ஸைச் சொறிகிறோம் என்று நினைப்பார். பழைய மாடலில் எண்களும் வேறு: 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18. பழகிவிடும். இழுத்துப் பூட்ட மறந்து ஒரு ரோல் முழுக்க மங்கலாக எடுத்த கதை எல்மார் வைத்திருக்கும் எல்லோரிடமும் உண்டு, என்னிடம் இரண்டு. பெரிய குறை இவை எதுவும் இல்லை. எஃப் 2-வில் 1/30 கேட்ட அம்மன் சன்னிதி, எஃப் 3.5-இல் 1/10 கேட்கும். கேமராவில் 1/8-தான் இருக்கிறது. கையை ஆடாமல் பிடித்தாலும் தீபாராதனைத் தட்டு ஆடாமல் நிற்காதே. “தட்டு அசையறது அழகாத்தானே இருக்கும் மாமா” என்றான் பையன். ஒரு தடவை அழகு. ஒரு ரோலில் முப்பத்தாறு தடவையும் அதேயானால்?

அடுத்து சம்மிக்ரான், எஃப் 2, மடங்கும் வகை. 1953-இல் வந்தது. இதற்கு முந்திய சம்மார், சம்மிடார் இரண்டும் எஃப் 2-தான். சம்மாரின் முன் கண்ணாடி மிக மென்மையானது. கீறல் இல்லாததை நான் பார்த்ததே இல்லை, அதை விட்டுவிடலாம். சம்மிடார் நல்ல லென்ஸ், சம்மிக்ரானைவிட மலிவு. ஆனால் ஃபில்டர் அளவு ஊரில் கிடைக்காத அளவு.

சம்மிக்ரானைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் ஏதோ கோயில் மூலவரைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறார்கள். கூர்மையில் குறை சொல்ல முடியாது, ஓரம்வரை கூர்மை. எஃப் 4 வைத்து எடுத்த ஒரு படத்தில் டீக்கடைச் சுவர் நாட்காட்டியின் சின்ன எழுத்தைக்கூட வாசித்திருக்கிறேன். ஆனால் நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏழு கண்ணாடி, ஆறு குழு. காற்றைத் தொடும் பரப்பு பன்னிரண்டு, எல்மாருக்கு இரண்டு மடங்கு. உள்ளே வெண்படலம் படிவதில் இது பேர்போனது, முன்பரப்பும் சட்டைத் துணியால் துடைத்தால் கீறும் ரகம். எழுபது வருடமாக எத்தனை பேர் சட்டையால் துடைத்திருப்பார்கள்! தொடக்க காலத்தில் வந்த சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி, லேசாகக் கதிர்வீச்சு உண்டு, காலப்போக்கில் மஞ்சளாகும். கறுப்பு வெள்ளை எடுப்பவனுக்கு அது ஒரு பொருட்டில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் ஒரு நண்பர் அங்கே ஒரு கடையில் திருகு மவுண்ட் சம்மிக்ரான் இருப்பதாகச் சொல்லி, பின்பக்கம் டார்ச் அடித்து ஒரு வீடியோ அனுப்பினார். பனிக்காலத்து விடியலில் இராவதி ஆறு போல இருந்தது உள்ளே. துடைத்தால் போகும் என்றார் கடைக்காரர். போகலாம், போகாமலும் இருக்கலாம். அந்த விலைக்கு நல்ல கேனான் இரண்டு வாங்கிவிடலாம் என்ற நிலையில் சூதாட மனம் வரவில்லை. யார் கையில் இருந்தது, எங்கே வைத்திருந்தார்கள் என்று தெரிந்து, பளிங்கு போல ஒன்று கிடைத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் லைக்கா என்ற பெயருக்காக யானையைக் கட்டித் தீனி போட வேண்டாம்.

கேனான் எஃப் 1.8. இதில்தான் என் மனம் ஆரம்பத்திலிருந்தே நின்றது, பயமும் இதில்தான். 1951-இல் முதல் வடிவம் வந்தது. கனத்த வெள்ளிநிற உலோகம். ஐம்பதுகளின் நடுவில் கறுப்பு வளையமும் வெள்ளி உடம்புமாக எடை குறைந்த வடிவம் வந்தது. ஆறு கண்ணாடி, நான்கு குழு, எட்டுப் பரப்பு. எஃப் 1.8-இல் கொஞ்சம் மென்மை, எஃப் 2.8-க்கு வந்தால் சம்மிக்ரான் படத்தையும் இதன் படத்தையும் பக்கத்தில் வைத்து எது எது என்று கேட்டால் நான் தோற்றுவிடுவேன். கேனான் பி-யோடு பிறந்த ஜோடி என்பதால் கையில் பிடித்தாலும் பொருந்துகிறது. அபெர்ச்சர் வளையம் விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, எண்களும் இன்று நாம் பழகிய எண்கள்.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். கேனான் கம்பெனி முப்பதுகளில் முதல் கேமரா விற்றபோது அவர்களிடம் சொந்த லென்ஸ் கிடையாது. அதில் போட்டது நிக்கோர், இன்று அவர்களுக்குப் பரம எதிரியான நிக்கான் கம்பெனியே, நிப்பான் கோகாகு என்ற பழைய பெயரில், செய்தது.

பயத்துக்கு வருகிறேன். கறுப்பு வளைய 1.8-களில் அபெர்ச்சர் தகடுகளுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிப் பரப்பில் மங்கல் படியும். கிரீஸ் ஆவி என்கிறார்கள். சீக்கிரம் துடைத்தால் போய்விடும். வருடக்கணக்கில் விட்டால் கண்ணாடியையே அரித்து, மணல் தாளால் தேய்த்தது போல ஆக்கிவிடும். அப்புறம் எந்த மெக்கானிக்காலும் முடியாது. நான் இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ‘உள்ளே சுத்தம்’ என்று எழுதி விற்ற ஒருவரிடம் படத்தை மட்டும் பார்த்து வாங்கினேன். எல்லாப் படமும் முன்பக்கத்திலிருந்து, ஜன்னல் வெளிச்சத்தில், அழகாக எடுத்திருந்தார். வந்த லென்ஸில் விளக்கைப் பார்த்து எடுத்தால் விளக்கைச் சுற்றி ஒரு பெரிய அரிசி அப்பளம். ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் கொடுத்தேன். பிரித்து, துடைத்து, மறுபடி துடைத்து, ஒரு வாரம் கழித்துத் தலையை ஆட்டினார். அந்த லென்ஸ் இப்போது தாள் பறக்காமல் இருக்க மேசையில் கிடக்கிறது. கனத்துக்குக் குறைவில்லை.

ஆக, கேனான் 1.8-ஐ ஒப்பிடும்போது ‘கேனான் எப்படி’ என்று கேட்பது தப்பு. ‘இந்தக் கேனான் எப்படி’ என்றுதான் கேட்க வேண்டும்.

ஜூபிட்டர் 8-க்குத் தனிப் பாசம் உண்டு எனக்கு. எஃப் 2, சோவியத் தயாரிப்பு. அடிப்படையில் இது ஜெய்ஸ் கம்பெனியின் சோனார். முப்பதுகளின் தொடக்கத்தில் லுட்விக் பெர்ட்டெலே வடிவமைத்தது. கோட்டிங் கண்டுபிடிக்காத காலம் அது. காற்றுப் பரப்பைக் குறைத்தால்தான் படத்தில் கறுப்பு கறுப்பாக வரும் என்று கண்ணாடிகளைக் கனமாக ஒட்டி மூன்றே குழுவாக ஆக்கினார். போர் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து ரஷ்யர்கள் அந்தத் தொழில்நுட்பத்தை அள்ளிக்கொண்டு போனார்கள், கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் அதே சோனார் ஜூபிட்டர் ஆனது. ஆறு கண்ணாடி, ஆறே பரப்பு. பெர்ட்டெலே வேறு காரணத்துக்காகச் செய்தது நம் மழைக்கும் பொருந்திவிட்டது. எஃப் 2 லென்ஸில் இதைவிடக் குறைந்த பரப்பு நான் பார்த்ததில்லை. இன்யா ஏரி ஹோட்டலைச் சோவியத்காரர்கள் கட்டிக்கொடுத்த காலத்து லென்ஸ். அந்த ஹோட்டலைப் போலவே இதுவும் அழகுபார்க்கச் செய்ததில்லை. இலேசான அலுமினியம், அபெர்ச்சர் வளையத்தில் டிக் டிக் என்று நிற்கும் பள்ளம்கூட இல்லை.

விலை இங்கே பேசுகிற எல்லாவற்றிலும் குறைவு. 40.5 மில்லிமீட்டர் ஃபில்டர் எளிதாகக் கிடைக்கும். எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் செய்த வருடம். 61 என்று தொடங்கினால் 1961. எஃப் 2-வில் நடு கூர்மை, ஓரம் கரைந்து போகும், பின்னால் இருக்கும் விளக்குகள் உருண்டையாக வரும். மனித முகத்துக்கு இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது இதுதான்.

இத்தனை சொல்லிவிட்டு ஏன் உடனே வாங்கச் சொல்லவில்லை? ஃபோகஸ். கேனான் பி போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை. லென்ஸின் பின்வளையம் எவ்வளவு நகர்கிறதோ அதைக் கேமரா ஒரு நெம்புகோலால் தடவிப் பார்த்துத் தூரம் சொல்கிறது. லைக்காவும் கேனானும் 51.6 மில்லிமீட்டர் லென்ஸை மனதில் வைத்து அந்தக் கணக்கைச் செய்திருக்கின்றன. சோவியத் லென்ஸ்கள் ஜெய்ஸ் வழி வந்ததால் அவற்றின் கணக்கு 52.4. தூரத்தில் தெரியாது. ஒரு மீட்டரில், எஃப் 2-வில், கூர்மையாக விழும் ஆழமே மொத்தம் நாலரை சென்டிமீட்டர்தான். கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் காதில் போய் விழும். உள்ளே மெல்லிய வாஷர் சேர்த்துச் சரிசெய்யலாம். அப்படிச் செய்தால் அருகில் சரியாகும், தொலைவில் கொஞ்சம் தப்பும். தொலைவுக்கு எப்படியும் அபெர்ச்சரைக் குறைத்துத்தான் எடுப்போம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு நண்பர் தன்னிடமிருந்த இரண்டு ஜூபிட்டரைக் கொடுத்தார், போட்டுப் பார்த்தோம். ஒன்று குறி தப்பாமல் விழுந்தது. அதை விற்க மாட்டேன் என்றார். மற்றது ஒரு மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் பின்னால் போனது. அதைச் சும்மாவே எடுத்துக்கோ என்றார்.

இந்தஸ்தார் 61-உம் கேட்டான். அது எஃப் 2.8, 55 மில்லிமீட்டர். பகலுக்கு நல்ல லென்ஸ், மாலைக்குப் போதாது. நகர்வோம்.

“எஃப் 1.4 வேண்டாமா மாமா?” இளவயசில் எல்லோரும் கேட்பதுதான். கேட்டது நியாயம், எஃப் 2-வுக்கு 1/30 என்றால் எஃப் 1.4-க்கு 1/60 வரும், தீபாராதனைத் தட்டு நிற்கும். திருகு மவுண்டில் நிக்கோர் 1.4-உம் கேனான் 1.4-உம் பெரிய பெயர்கள். நிக்கோர் சோனார் குடும்பம், மூன்று குழு, ஆறு பரப்பு. 1950-இல் அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் நிக்கோர் லென்ஸ்களைப் பார்த்து அசந்துபோய், அவற்றைத் தன் லைக்காவில் மாட்டிக்கொண்டு கொரியப் போருக்குப் போனார். ஜப்பான் லென்ஸ் என்றால் உலகம் திரும்பிப் பார்த்தது அதன் பிறகு. இந்த 1.4-க்கு இன்னொரு விசேஷம், ஒரு மீட்டருக்கும் கிட்டே, ஒன்றரை அடி வரை போகும். ஆனால் அந்தத் தூரத்தில் ரேஞ்ச்ஃபைண்டர் கூட வராது, நாமே அளந்துகொள்ள வேண்டும். கேனான் 1.4 வேறு குடும்பம், ஓரம்வரை சமமாக இருக்கும், முழுதாகத் திறந்தும் நம்பி எடுக்கலாம்.

ஒரு மாலை நண்பரின் நிக்கோரைப் போட்டுக் கோயிலுக்குப் போனோம். படங்கள் நன்றாக வந்தன, ஃபோகஸ் விழுந்தவை. முப்பத்தாறில் பதினொன்று. ஒரு மீட்டரில் எஃப் 1.4-க்கு ஆழம் மூன்று சென்டிமீட்டர்தான். அதோடு சோனார் வடிவத்தில் அபெர்ச்சரை மூட மூட ஃபோகஸ் இடம் மாறும் குணமும் உண்டு. ஃபிலிம் விற்கும் விலையில் கற்றுக்கொள்வதற்கு இது சரியான பள்ளிக்கூடம் இல்லை. இரண்டாவது லென்ஸாக வரட்டும்.

எதை வாங்கினாலும் கையில் வாங்கிப் பார்க்கும்போது செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து, சாய்த்துச் சாய்த்து முன்பக்கம் பாருங்கள். அப்புறம் திருப்பி. எழுபது வயது லென்ஸில் டார்ச் அடித்தால் தூசி நட்சத்திரம் போலத் தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பால் ஊற்றியது போல ஒரே சீராக இருந்தால் மங்கல். வேர் போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. ஓரத்தில் வானவில் நிறம் வளைந்து நின்றால் ஒட்டுப்பசை விடுகிறது. முன் கண்ணாடியில் இரண்டு கீறல் படத்தைக் கெடுக்காது, பின் கண்ணாடியில் கீறல் கெடுக்கும். அபெர்ச்சர் தகட்டில் எண்ணெய் இருந்தால் விற்கிறவரிடம் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், ஆனால் கவலைப்படாதீர்கள். எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமரா) லென்ஸில் தகடு சட்டென்று மூட வேண்டும், அங்கே எண்ணெய் ஆபத்து. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸில் நம் விரல்தான் மூடுகிறது, அதனால் தகடு வேலை செய்யும். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ வீட்டில் பிரித்திருக்கிறார்கள். கேளுங்கள், ஏன் பிரித்தீர்கள் என்று.

ஃபோகஸைச் சோதிக்க ஃபிலிம் வீணாக்க வேண்டாம். கேனான் பி-யின் முதுகு கதவு போலத் திறக்கும். ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் மங்கலான ஒட்டு டேப்பைத் தட்டையாக ஒட்டுங்கள். ஷட்டர் வேகத்தை ‘B’ எழுத்தில் வைத்து, பொத்தானை அழுத்தியபடியே திறந்து பிடித்தால் டேப்பில் தலைகீழாகப் படம் விழும். பூதக்கண்ணாடியால் பாருங்கள். நாங்கள் மொட்டை மாடியிலிருந்து ஷ்வேடகன் பகோடாவைக் குறிவைத்தோம். 99 மீட்டர் உயரம், உச்சிக் குடை ஒல்லியாகச் செங்குத்தாக நிற்கிறது, ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு பிம்பம் சேர்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல குறி இந்த ஊரில் கிடையாது. அது தொலைவுக்கு. கிட்டத்துக்கு ஒரு மீட்டரில் மேசை விளக்கு வெளிச்சத்தில் ஒரு அளவுகோலைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம்.

திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா விடுமுறைக்கு முந்திய வாரம் பாங்காக்கிலிருந்து வந்த ஒருவர் கையோடு ஒரு கேனான் 1.8 வந்தது, கறுப்பு வளையம். வாங்கும் முன்பே அவரைப் பின்பக்கம் டார்ச் அடித்து வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தோம். இங்கே வந்ததும் மறுபடி அடித்தோம். அபெர்ச்சருக்குப் பின்னால் லேசாக, மூச்சு விட்டது போல ஒரு படலம். என் வயிறு கலங்கியது. அதே பெரியவரிடம் போனோம். அவர் பின்பக்கக் குழுவைத் திருகி எடுத்து, ஒரு தடவை துடைத்து, டார்ச்சில் காட்டினார். போயிருந்தது, அரிப்பு இல்லை. பழைய கிரீஸையும் கழுவிப் புதிது போட்டார். “இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாரு, படலம் வந்தா உடனே கொண்டா” என்று பையனிடம் சொன்னார். படலம் கண்ணாடியை அரித்திருந்தால் அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குறி தவறாத ஒரு ஜூபிட்டரைத் தேடியிருப்போம். இரண்டுக்கும் இடையே அவ்வளவுதான் தூரம்.

வைப்பது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்னது எல்லாம் தண்ணீரில் எழுதியது. தோல் உறையில் வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும். என் முதல் சம்மிடார் ஒரே மழைக்காலத்தில் அப்படித்தான் போனது. வெயிலில் காயவைத்தால் பூஞ்சை சாகும் என்பார்கள். அதற்கு முன் கிரீஸ் இளகிக் கண்ணாடிக்கு வந்துவிடும். மின்சார உலர்பெட்டி நல்லதுதான், இங்கே கரண்ட் இருக்கும் நேரத்தை யார் சொல்வது? ரப்பர் விளிம்பு வைத்த சாப்பாட்டு டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நின்றால் போதும். ஜெல் நிறம் மாறினால் பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். சமையலுக்கு அந்த வாணலியை எடுக்கக் கூடாது என்று அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எல்மாரையும் அவனுக்கே கொடுத்துவிட்டேன், பகலுக்கு. சுற்று ரயிலில் கேனானைத்தான் போடுகிறான், எஃப் 2.8, 1/60. கேனானின் 40 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் ஃபில்டரும் கிடைக்கவில்லை, மூடியும் கிடைக்கவில்லை. தனக்கா (பர்மியர்கள் முகத்தில் பூசும் பூச்சு) டப்பி ஒன்றின் மூடி அளவெடுத்தது போல உட்காருகிறது. லென்ஸைத் திறக்கும்போதெல்லாம் சந்தன வாசனை மாதிரி ஒன்று வருகிறது. கேமராவைக் கையில் வாங்கிப் பார்க்கிறவர்கள் முதலில் மோந்துதான் பார்க்கிறார்கள்.